பத்துமலையா, கல்லுமலையா: சிலிம் ரிவரிலிருந்து ஒரு நாள் பயணம்

சிலிம் ரிவரில் எங்கள் வீட்டுக்குத் தமிழ்நாட்டிலிருந்து உறவினர் வந்தால், பயணக் களைப்பு தீர்ந்த மறுநாளே முருகன் கோயிலுக்கு எப்போது போகலாம் என்ற பேச்சு தொடங்கிவிடும். எந்த முருகன் கோயிலுக்கு என்பதைத்தான் நாங்கள் முடிவு செய்தாக வேண்டும். எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சிறு பட்டணம். தெற்கே போனால் சிலாங்கூரில் பத்துமலை. வடக்கே போனால் ஈப்போவில் கல்லுமலை. இரண்டும் சுண்ணாம்புக் குன்றுகளைச் சார்ந்த முருகன் தலங்கள். நெடுஞ்சாலையில் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே தூரம்தான். நெரிசல் இல்லாத காலைப் பொழுதில் ஒன்றரை மணி நேரத்துக்குள் எதையும் எட்டிவிடலாம். தூரமும் பெட்ரோல் செலவும் ஒன்றுபோல் இருப்பதால், முடிவை வேறு காரணங்களைக் கொண்டே எடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த ஆண்டு அந்த முடிவு எங்களுக்கு எளிதாக இருக்கவில்லை. வந்திருந்தவர் என் அத்தை, அப்பாவின் தங்கை. எழுபது வயதைக் கடந்தவர். இரண்டு முழங்காலும் தேய்ந்து, நாற்காலியிலிருந்து எழுவதற்கே ஒரு கை பிடிமானம் தேவைப்படுகிறது. அவர் பிறந்தது இங்கே, இதே வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்தான். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய 1969ஆம் ஆண்டு முதல் அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற நிலை வந்தபோது தோட்டங்களிலிருந்து கப்பலேறிய குடும்பங்களுள் தாத்தாவின் குடும்பமும் ஒன்று. என் அப்பா மட்டும் இங்கேயே தங்கிவிட்டார். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகிப் பயணியாகத் திரும்பி வந்த அத்தைக்குப் பத்துமலை என்ற பெயர் தவிர வேறு எந்தப் பெயரும் காதில் ஏறவில்லை. சிறுமியாக இருந்தபோது தைப்பூசத்துக்குத் தோட்டத்து லோரியில் நின்றபடியே போய்ப் படியேறியவர் அவர். "படி எத்தனை இருந்தால் என்ன தம்பி, ஒரு நாளைக்கு முழுக்க ஏறினால் ஏறிவிட மாட்டேனா?" என்றார்.

படிகள் 272. அந்த எண்ணிக்கையை எல்லாரும் சொல்வார்கள். அந்தப் படிகளின் தன்மையைச் சொல்பவர்கள் குறைவு. ஏற்றம் செங்குத்தானது. பல படிகளில் மிதிக்கும் இடம் குறுகலாக இருப்பதால், பெரியவர்கள் பாதத்தைச் சற்றுச் சாய்த்து வைத்தால்தான் முழுப் பாதமும் படியில் பதியும். ஏறும்போது மூச்சு வாங்கும் என்பதை எவரும் எதிர்பார்த்தே வருகிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு உண்மையான சோதனை இறங்கும்போதுதான். உடலின் எடை முழுவதும் ஒவ்வொரு படியிலும் ஒரே காலில் வந்து இறங்குகிறது. மேலே குகைக்குள் நுழைந்த பிறகும் ஏற்றம் முடிவதில்லை. பெரிய குகையைக் கடந்து, மேற்கூரை திறந்து வானம் தெரியும் பின்பகுதிக்குப் போய் வள்ளி தெய்வானையுடன் முருகனைத் தரிசிக்க இன்னும் ஒரு படிக்கட்டு காத்திருக்கிறது. இதை முன்கூட்டியே அறியாமல், 272ஐ முடித்த களைப்பில் முன்குகையோடு திரும்பிவிட்ட விருந்தினர்களை நான் அறிவேன்.

ஆனாலும் குகைக் கோயில் என்ற சொல்லுக்கு முழுப் பொருள் தருவது பத்துமலை ஒன்றுதான் என்பதை ஒப்புக்கொள்ளாமல் இந்த ஒப்பீட்டை எழுத முடியாது. 1890ஆம் ஆண்டையொட்டி, கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலை நிறுவிய தம்புசாமி பிள்ளை, வேலின் வடிவத்தைக் குகை வாயிலில் கண்டு இங்கே முருகனை எழுந்தருளச் செய்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. 1892 முதல் தைப்பூசம் இங்கே கொண்டாடப்படுகிறது. 1920இல் மரப்படிகள் அமைத்தார்கள். பின்னர் அவை சிமெண்டுப் படிகளாயின. அத்தை தம் நினைவில் வைத்திருந்தது அந்தச் சாம்பல் நிறப் படிகளையே. அடிவாரத்தில் இன்று நிற்கும் 42.7 மீட்டர் உயரப் பொன்னிற முருகன் சிலை 2006ஆம் ஆண்டு ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. படிகளுக்கு வானவில் போல வண்ணம் தீட்டியது 2018இல். படங்களில் பார்த்துவிட்டு வரும் இளையவர்கள் தேடுவது இவ்விரண்டையும்தான். அத்தையோ வாகனத்திலிருந்து இறங்கி நிமிர்ந்து பார்த்து, "நான் வந்தபோது மலைதான் பெரிதாக இருந்தது" என்றார்.

கல்லுமலை இதற்கு நேர்மாறான அனுபவம். ஈப்போ நகரத்துக்குள், ராஜா மூசா அசிஸ் சாலையில், குனோங் சீரோ என்னும் குன்றை ஒட்டி அமைந்திருக்கிறது சுப்பிரமணியர் ஆலயம். வழிபாடு குகையில் தொடங்கியது என்பது அதன் வரலாறு. இன்று நாம் தரிசிக்கும் கோயில் குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. வாகனத்திலிருந்து இறங்கிச் சில நிமிடங்களில் சன்னதி முன் நிற்கலாம். கோபுரத்துக்குப் பின்னால் சுண்ணாம்புப் பாறை நேராக எழும்பி நிற்பதும், அதன் வெடிப்புகளில் செடிகொடிகள் தொங்குவதும் கண்ணுக்கு நிறைவான காட்சிகள். ஆனால் குகைக்குள் நுழைந்து, வெளிச்சம் மெல்ல மங்கி, தலைக்கு மேலே பாறை வளைந்து போகும் அந்த உணர்வைத் தேடி வருபவர்களுக்கு இங்கே ஏமாற்றமே மிஞ்சும். அதை மறைத்து விருந்தினரை அழைத்துப்போவது முறையல்ல என்பது என் கருத்து. 1973இல் இதே குனோங் சீரோவில் பாறை சரிந்து ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. எங்கள் தலைமுறைப் பேராக் தமிழர்கள் அந்தக் குன்றை ஒரு கணமேனும் அமைதியாக நின்று பார்க்காமல் கடப்பதில்லை.

வழிபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் கல்லுமலையையே நான் உயர்வாக மதிப்பேன். பத்துமலையில் சாதாரண நாள்களிலும் பக்தர்களைவிடப் பார்வையாளர்கள் அதிகம். படியேறும்போது உங்களுக்கு முன்னால் யாரோ நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும். அது அவர்கள் தவறு அன்று, உலகமே வந்து பார்க்கும் இடம் அது. ஆனால் கண்ணை மூடி ஒரு கந்தர் அனுபூதிப் பாடலை முழுதாகச் சொல்லி முடிக்க விரும்பும் முதியவருக்குக் கல்லுமலையின் வார நாள் காலைதான் பொருத்தம். குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டு நிதானமாக அர்ச்சனை செய்வார். பிரகாரத்தில் உட்கார இடம் கிடைக்கும். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

பயண வழிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நாள் இனிதாகக் கழிவதும் வீணாவதும் பெரும்பாலும் இதைப் பொறுத்தவை. பத்துமலைக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது வேன் அல்லது சொந்தக் கார்: நெடுஞ்சாலையில் ரவாங் வரை போய், அங்கிருந்து செலாயாங் வழியே சேரலாம். இரண்டாவது, தஞ்சோங் மாலிம் நிலையத்தில் காரை நிறுத்திவிட்டுக் கொமுட்டர் என்னும் புறநகர் ரயிலில் ஏறுவது. தஞ்சோங் மாலிமிலிருந்து புறப்படும் ரயில் கிள்ளான் துறைமுகம் நோக்கிப் போவதால் புத்ரா நிலையத்திலோ அதற்கடுத்த நிலையங்களிலோ இறங்கிப் பத்துமலை ரயிலுக்கு மாற வேண்டும். மூன்றாவது, சிலிம் ரிவரிலேயே இடிஎஸ் விரைவு ரயிலில் ஏறிக் கோலாலம்பூர் வரை போய், அங்கிருந்து கொமுட்டரில் வந்த திசைக்கே சற்றுத் திரும்பி வருவது. இது நேரத்தைத் தின்னும் வழி, கோலாலம்பூரில் வேறு வேலை இருந்தால் தவிர நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கொமுட்டர் வழியில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. பத்துமலை நிலையம் கோயில் வளாகத்தை ஒட்டியே இருக்கிறது. இறங்கி வெளியே வந்தால் நெடிதுயர்ந்த பச்சை நிற அனுமன் சிலையும் அதன் அருகே இராமாயணக் குகையும் முதலில் கண்ணில் படும். வாகனம் நிறுத்த இடம் தேடும் தொல்லை இல்லை, செலாயாங் நெரிசலும் இல்லை. ஆனால் முதியவர் உடன் வந்தால் ரயில் மாறும் இடத்தில் ஒரு நடைமேடையிலிருந்து இன்னொரு நடைமேடைக்குப் போவதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் மாமியாரை அழைத்துச் சென்றபோது ஒரு நிலையத்தில் மின்தூக்கி பழுதாகியிருந்தது. மேம்பாலப் படிகளில் ஏறி இறங்கியதிலேயே அவருடைய தெம்பு முழுவதும் தீர்ந்துவிட்டது. கோயிலை அடைந்தபோது அவர் ஓர் இடத்தில் உட்கார்ந்தவர்தான், அன்று எழுந்து நடக்கவே இல்லை. அடுத்த ரயில் எப்போது என்பதையும் முதல் நாளே பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும். தஞ்சோங் மாலிம் பக்கம் ரயில்கள் நகரத்தில் ஓடுவதுபோல் அடுத்தடுத்து வருவதில்லை.

ஈப்போவுக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. சிலிம் ரிவரில் இடிஎஸ் ஏறினால் ஈப்போ நிலையத்தில் இறங்குவது வரை இருக்கையை விட்டு எழ வேண்டியதில்லை. நிலையத்திலிருந்து கோயிலுக்கு வாடகைக் காரில் சிறிது தூரம்தான். 1917இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த வெள்ளை மாளிகை போன்ற நிலையக் கட்டடத்தையும் விருந்தினர்களுக்குக் காட்டினோம் என்றாகும். டிக்கெட்டை மட்டும் முன்பே எடுத்துவிட வேண்டும். பள்ளி விடுமுறைகளிலும் பண்டிகை வாரங்களிலும் கடைசி நேரத்தில் இடம் கிடைப்பது அரிது. சாலை வழியாகப் போக விரும்புபவர்களுக்கு நெடுஞ்சாலையைவிடப் பழைய சாலையையே நான் சொல்வேன். சுங்கை, பீடோர், தாப்பா, கம்பார், கோப்பெங் என்று பட்டணம் பட்டணமாகப் போகும் அந்த வழி நேரம் கூடுதலாக எடுத்தாலும், தம் முன்னோர் வேலை செய்த மண் எப்படி இருக்கும் என்று அறிய விரும்பும் விருந்தினருக்கு அதைவிடப் பொருத்தமான சாலை இந்த மாநிலத்தில் இல்லை.

எந்த நாளில் போவது என்பதிலும் இரண்டு தலங்களுக்கும் வேறுபாடு உண்டு. பயணியாக வருபவர்கள் தைப்பூசத்தன்றே பத்துமலையைப் பார்க்க ஆசைப்படுவார்கள். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளிரதம் இரவில் புறப்பட்டுப் பத்துமலைக்கு வருவதும், ஆற்றில் நீராடிய பக்தர்கள் காவடியும் பால்குடமும் ஏந்திப் படியேறுவதும் வாழ்நாளில் ஒருமுறையாவது காண வேண்டியவைதாம். ஆனால் அதை ஒரு நாள் பயணத்துக்குள் அடக்க முயல்வது தவறு. அந்த நாள்களில் கூட்டம் பத்து லட்சத்தையும் தாண்டிவிடும். கூடுதல் ரயில்கள் விடுவது வழக்கம் என்றாலும் நடைமேடையிலேயே கூட்டம் அலைமோதும். கைக்குழந்தையோ முழங்கால் வலிக்காரரோ உடன் இருந்தால் அன்று போகவே கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்வேன். ஈப்போவிலும் தைப்பூசம் பெரிய விழாவே. புந்தோங் பகுதியிலிருந்து காவடிகள் கல்லுமலைக்கு வரும். இருப்பினும் வழியோரத்தில் ஒரு தண்ணீர்ப்பந்தலின் நிழலில் முதியவரை உட்காரவைத்துக் காவடிகளைக் காட்டுவதற்கு அங்கே இடம் இருக்கிறது. தைப்பூசத்தைக் கண்ணால் காண வேண்டும், கூட்டத்தில் சிக்கக் கூடாது என்பவர்களுக்கு ஈப்போவே சரி.

சாதாரண நாள்களில் பத்துமலைக்கு வார நாளின் அதிகாலையே சிறந்தது. ஏழரை மணிக்கு முதல் படியில் கால் வைத்தால் வெயில் முதுகில் ஏறுவதற்குள் குகையின் குளிர்ச்சிக்குள் போய்விடலாம். பத்து மணிக்குப் பிறகு சுற்றுலாப் பேருந்துகள் வரத் தொடங்கும். நண்பகலில் வேண்டுதலுக்காக வெறுங்காலுடன் ஏறுபவர்களுக்குப் படிகள் சுடும். பிற்பகல் மழை பெய்தால் வண்ணம் பூசிய படிகளில் கால் வழுக்கும் என்பதால் இறங்குவது ஆபத்தானது. நண்பகலில் சன்னதிகளில் நடை சாத்துவது நம் கோயில்களின் வழக்கம் என்பதை ஈப்போவுக்குப் போகிறவர்களும் மனத்தில் கொள்ள வேண்டும். பதினொன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்து, திரை போட்ட சன்னதியைக் கும்பிட்டுத் திரும்பியவர்கள் உண்டு.

குரங்குகளைப் பற்றி எச்சரிக்காமல் விட முடியாது. பத்துமலைப் படிகளில் இருக்கும் நீண்டவால் குரங்குகள் மனிதரைக் கண்டு அஞ்சுவதில்லை. இம்முறை என் மகள் அர்ச்சனைப் பொருள்களை ஒரு நெகிழிப் பையில் வைத்துக் கையில் தொங்கவிட்டபடி ஏறினாள். கைப்பிடிச் சுவரில் அமர்ந்திருந்த ஒரு தாய்க்குரங்கு, வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருக்க, அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரே இழுப்பில் பையின் அடியைக் கிழித்தது. வாழைப்பழங்கள் படியில் உருண்டன. அது வெற்றிலையையும் கற்பூரத்தையும் ஒதுக்கிவிட்டு இரண்டு பழங்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு பாறைமேல் ஏறிவிட்டது. துணிப்பையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு ஏறினால் இந்தத் தொல்லை இல்லை. கண்ணாடி அணிந்த குழந்தைகளையும் கையில் தண்ணீர்ப் புட்டி வைத்திருப்பவர்களையும் படிகளின் நடுவில் நடக்கச் சொல்ல வேண்டும்.

இத்தனையையும் எடுத்துச் சொல்லி அத்தையைக் கல்லுமலைக்கு இசையவைக்க இரண்டு நாள் முயன்றேன். அவர் இசையவில்லை. அதன் பிறகே எனக்கு ஒன்று தோன்றியது: படியேற முடியாதவர் பத்துமலைக்குப் போகக் கூடாது என்று நான் எண்ணியதுதான் பிழை. அவரை அடிவாரத்தில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் மேலே போய் இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்புவதே எங்கள் குடும்பங்களில் இதுவரை நடந்து வந்தது. அப்படியானால் அந்த முதியவருக்கு அது கோயிற்பயணம் ஆகாது, வெறும் காத்திருப்புதான். ஆகவே அடிவாரத்துக்கென்றே தனியாக நேரம் ஒதுக்கித் திட்டம் போட்டோம். வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஒரு புதன்கிழமை விடியுமுன்னே புறப்பட்டோம். மேலே போகிறவர்கள் இரண்டு பிரிவாகப் போவது, ஒரு பிரிவு எப்போதும் அத்தையுடன் கீழே இருப்பது என்று முடிவு செய்திருந்தோம்.

அடிவாரத்தில் முதியவர் தரிசிப்பதற்குக் கீழ்த்தளச் சன்னதிகள் உள்ளன. இராமாயணக் குகைக்குச் சிறு கட்டணம் உண்டு. அதன் கீழ்ப்பகுதியைப் பெரிதும் படியேறாமலே பார்க்கலாம். குகைச் சுவர்களை ஒட்டி இராமாயணக் காட்சிகள் சிலைகளாக நிற்க, உறங்கும் கும்பகர்ணன் ஒரு மண்டபம் நிறையப் படுத்திருப்பதைக் குழந்தைகளோடு நின்று அத்தை வெகுநேரம் பார்த்தார். குகையின் ஈரக்காற்றும் பாறை வாசனையும் அங்கேயும் உண்டு என்பதால், மேலே ஏற முடியாதவருக்குக் குகை என்பது முற்றிலும் கிடைக்காமற் போகவில்லை. பத்துமலையில் முதியவருக்கு உகந்த இடம் எது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன். கோயில் வாசலை ஒட்டிய சைவ உணவகங்களில் தோசையும் காப்பியும் கிடைக்கும். நிழலும் மின்விசிறியும் உள்ள இடத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் சிலைக்கு முன்னுள்ள திறந்தவெளியில் புறாக்களுக்கு நடுவே வெயிலைத் தவிர வேறெதுவும் இல்லை.

குழந்தைகள் மேலே புறப்பட்டபோது அத்தை அவர்களை நிறுத்தி, "குகைக்குள்ளே போனதும் மேலே பாருங்கள், பாறையிலிருந்து தண்ணீர் சொட்டும்; எங்கள் அம்மா அதைக் கையில் ஏந்தி என் தலையில் தடவினார்" என்றார். திரும்பி வந்தபோது இரண்டு பேர் தலையிலும் ஈரம் இருந்தது. சின்னவன் தன் உள்ளங்கையைக் குவித்து வைத்தபடியே 272 படிகளையும் இறங்கி வந்திருந்தான். கையில் தண்ணீர் எதுவும் மிஞ்சவில்லை, ஈரம் மட்டும் இருந்தது. அத்தை அந்தக் கையை எடுத்துத் தம் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

இரண்டு தலங்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சாலைக் கணக்கில் அது முடியும். ஆனால் காலையில் பத்துமலை ஏறி இறங்கியவர்களை வேனில் அடைத்து வடக்கே கொண்டுபோனால், மாலைப் பூசைக்குள் ஈப்போவை எட்டும் அவசரத்தில் இரண்டில் ஒன்றையும் மனம் ஒன்றித் தரிசிக்க முடியாது. நாங்கள் ஒரு நாள் ஓய்வு விட்டு, வெள்ளிக்கிழமை காலை இடிஎஸ் ரயிலில் அத்தையும் நானும் என் மனைவியும் மட்டும் கல்லுமலைக்குப் போனோம். அத்தை என் கையைப் பிடிக்காமலே சன்னதி வரை நடந்தார். அபிஷேகம் தொடங்கி தீபாராதனை முடியும்வரை முன்வரிசையில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். திரும்பும் வழியில் புந்தோங்கில் இறங்கி, அங்கே பெயர்பெற்ற கச்சாங் பூத்தே என்னும் கடலை வகை நொறுக்குத்தீனி இரண்டு பொட்டலமும் முறுக்கும் வாங்கிக்கொண்டார். ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவற்றை ரயிலில் மடியை விட்டு இறக்கவில்லை.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கையில் என் பரிந்துரை இதுதான். முதன்முறையாக வருபவர்கள், கால் வலுவுள்ளவர்கள், குழந்தைகளோடு வருபவர்கள் ஆகியோர் வார நாளில் பத்துமலைக்கே போகட்டும். குழு சிறியதாக இருந்தால் தஞ்சோங் மாலிமில் கொமுட்டர் ஏறட்டும், ஐந்து பேருக்கு மேல் என்றால் வேன் எடுத்துக்கொள்ளட்டும். ஏற்கெனவே ஒருமுறை பத்துமலை பார்த்தவர்களும், முருகன் முன் அமைதியாக நிற்பதே போதும் என்பவர்களும், படியேற முடியாதவர்களும் ஈப்போ ரயிலைப் பிடிக்கட்டும். படியேற முடியாதவர் பத்துமலையையே விரும்பிக் கேட்டால் மறுக்க வேண்டாம். அடிவாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்கி, அவரைத் தனியே விடாமல் துணைக்கு ஆள் வைத்து அழைத்துச் செல்லுங்கள்.

வரும் பங்குனியில் அத்தையின் மருமகள் தம் இரண்டு மகன்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர்களுக்குப் பத்துமலை என்று முடிவாகிவிட்டது. பழங்களை வைக்க மூன்று துணிப்பைகளை என் மகள் இப்போதே தைத்து வைத்திருக்கிறாள்.